யாருடைய ரிப்போர்ட் அது?

திருப்பூரில் யாருக்காவது புற்றுநோய் என்றால் முதலில் பேச்சு தண்ணீரைப் பற்றித்தான் வரும். "எல்லாம் இந்தச் சாயத்தண்ணி பண்ற வேலைங்க" என்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதைப் பார்த்த பகுதி இது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் போனது. ஆனால், ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாத புற்றுநோய்களும் உண்டு. அவை குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வருபவை.

என் தாய்மாமாவுக்கு 51 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. பொதுவாக அது வயதானவர்களின் நோய். இந்த வயதிலேயே வந்து, பரவியும் இருந்ததால் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். "நீதான் இன்ஜினியராச்சே, படிச்சுச் சொல்லு மாப்ள" என்று என்னிடம் நீட்டினார். நான் கோடு எழுதுகிற ஆள். ஆனாலும் உட்கார்ந்து படித்தேன். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிழை.

செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் ஒட்டவைக்க உதவும் மரபணு அது. எல்லோருக்கும் இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பெற்றோரில் ஒருவரிடம் பிழையான பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. வந்தாலே நோய் நிச்சயம் என்றில்லை. பிரிட்டனில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தப் பிழை உள்ள ஆண்களுக்கு 75 வயதுக்குள் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 27 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆனால் வந்தால் இளவயதில், வேகமானதாக வரக்கூடும். அதனால்தான் இவர்களுக்கு 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள்.

எங்கள் பக்கம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகளை அப்பன் வழியாகத்தான் எண்ணுவார்கள். மரபணு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மாமாவின் அம்மா, அதாவது என் அம்மிச்சி, 48 வயதில் 'வயித்துல கட்டி' வந்து செத்துப்போனார். அது 'பொம்பளைங்க சீக்கு' என்று ஓரமாக வைக்கப்பட்டது. சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்று இப்போது டாக்டர் சொல்கிறார். ஆண்களின் நோய் ஒன்று பெண்கள் வழியாகவும் வரலாம் என்று இங்கே யாரும் யோசித்ததே இல்லை.

ரிப்போர்ட்டை மூடியதும் மாமா சொன்னது இதுதான்: "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். புள்ள கல்யாணம் முடியட்டும்."

அவர் பயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம், மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொண்ணு பார்க்க வருகிறவர்களை எந்தச் சட்டம் தடுக்கும்? ஆனால் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். அந்தப் பிழை மாமாவின் மகளுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு. அது உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பையில் 17 சதவீதம் என்கிறது 2017-இல் வெளியான பெரிய ஆய்வு. யாரைக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறாரோ, மறைப்பதால் அதிகம் இழக்கப்போவது அவள்தான்.

அப்படியென்றால் ரிப்போர்ட் யாருடையது? லண்டனில் ஒரு பெண் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அவருடைய அப்பாவுக்கு ஹன்டிங்டன் நோய். கர்ப்பமாக இருந்த மகளிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் மறுக்க, டாக்டர்களும் சொல்லவில்லை. 2020-இல் வந்த தீர்ப்பில் அந்தப் பெண் தோற்றார். ஆனால் நோயாளியின் ரகசியத்தையும் ரத்த உறவின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஹன்டிங்டன் நோயைத் தடுக்க வழியில்லை. இங்கே முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. அதனால் மௌனத்தின் விலை இன்னும் கூடுகிறது.

மாமா 25 வருஷம் நிட்டிங் ஓட்டியவர். அவரிடம் அவர் தொழிலை வைத்தே பேசினேன். ரெண்டு லாட் நூல் கலந்து ஓடினால் வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியாது, சாயம் ஏறிய பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு ரோலில் தெரிந்ததும் அதே நூல் யார் யாருக்குப் போயிருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் போன் போடுவார். பேர் கெடும் என்று தெரிந்தும் போடுவார்.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "துணின்னா செகண்ட்ஸ்ல போட்டுடலாம் மாப்ள. புள்ளைய என்ன பண்றது?"

இதற்குச் சுலபமான பதில் இல்லை. மனுஷரைத் துணியைப் போலத் தரம் பிரிக்கும் ஊரில் உண்மையைச் சொல்வது ஆபத்துதான். ஆனால் ஊருக்குச் சொல்வதும் அவளுக்குச் சொல்வதும் ஒன்றல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதெல்லாம் அவள் எடுக்க வேண்டிய முடிவு. அவளுக்கே தெரியாதபோது அந்த முடிவையும் நாமே எடுத்துவிடுகிறோம்.

தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு, அதையும் மதிக்கிறேன். என் தம்பி அப்படிப்பட்ட ஆள். சும்மா பி.பி. பார்க்கக் கூப்பிட்டால்கூட, "வேண்டாம்ணா, வர்றப்ப பாத்துக்கலாம்" என்பான். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லவும், வேண்டாம் என்று சொல்ல ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ரிசல்ட்டைத் திணிக்கக் கூடாது; கதவு இருக்கிறது என்று காட்ட வேண்டும். திறப்பதும் திறக்காததும் அவரவர் பாடு.

எனக்கு 34 வயது. அம்மாவுக்கு அந்தப் பிழை வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கலாம். நான் மட்டும் சத்தமில்லாமல் போய் டெஸ்ட் எடுத்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஆனால் எனக்கு இருக்கிறது என்று வந்தால், அம்மாவிடமும் இருப்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஆக என் ரத்தத்தைக் கொடுக்கும் முன்னால்கூட அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மாவிடம் கேட்க வேண்டுமென்றால் மாமா சம்மதிக்க வேண்டும்.

இதையும் மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அக்காகிட்ட நானே சொல்றேன். புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். "யார் தப்பும் இல்லைன்னு ஆரம்பிங்க மாமா" என்றேன்.