யாழ்ப்பாணரும் ஆர்கன் வாசித்தவரும்

1967 மே மாதம் பிரிட்டனில் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பாட்டு வெளிவந்தது. ராக் இசையோடு மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கலந்த ப்ரோகோல் ஹாரம் குழுவின் முதல் இசைத்தட்டு அது. ஆறு வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. மெட்டமைத்தவர் கேரி புரூக்கர், வரிகள் கீத் ரீட் என்று இரண்டே பெயர்கள். பாட்டைத் தொடங்கிவைத்து, கேட்டவர் காதிலேயே தங்கிவிடும் ஆர்கன் இசையை வாசித்த மேத்யூ ஃபிஷரின் பெயர் அதில் இல்லை.

2005இல் ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். 38 ஆண்டு பேசாமல் இருந்தவர் இப்போது வந்து கேட்கலாமா என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அது எடுபடவில்லை. மெட்டில் அவருக்கு 40 விழுக்காடு உரிமை உண்டு என்பதை 2009 ஜூலை 30 அன்று பிரபுக்கள் சபை உறுதிசெய்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபிஷரின் வாசிப்பில் செவ்வியல் இசைமேதை பாக்கின் சாயல் தெளிவாகக் கேட்கும். அந்தப் பாக்கோ, தேவாலயத்துக்காக எழுதிய இசைப்படிகளின் முடிவில் மகிமை இறைவனுக்கு மட்டுமே என்று லத்தீனில் மூன்று எழுத்துகளால் குறித்துவைத்தவர். எல்லாம் இறைவன் தந்தது என்றால் பாட்டுக்கு உரிமை கேட்க மனிதர் யார்?

தமிழர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ எதிர்கொண்டுவிட்டார்கள். பெரியபுராணம் சொல்லும் கதை அது. பாணர் குலத்தில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் வாசித்தார். தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், இவர் யாழில் ஏற்றி வாசிப்பதால்தான் பதிகத்துக்கே இத்தனை புகழ் என்று பேசினார்கள். யாழ்ப்பாணர் நொந்துபோனார். கருவிக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் அவரே வேண்டினார். சம்பந்தர் பாடினார்; யாழ் பின்தொடர முடியாமல் திணறியது. குற்றம் இந்தக் கருவியால் வந்தது என்று அதை உடைக்க ஓங்கிய கையைச் சம்பந்தர் தடுத்தார். யாழ்முரி என்று பெயர் பெற்ற அந்தப் பதிகத்தை ஓதுவார்கள் இன்றும் அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

தனக்கு வந்த புகழை வேண்டாம் என்றவர் யாழ்ப்பாணர். வராத புகழைக் கேட்டு வழக்காடியவர் ஃபிஷர். முதலாமவரைக் காட்டி இரண்டாமவரைக் குறைசொல்வது எளிது. ஆனால் அது தவறு. தன் பங்கை இறைவனுக்கு விட்டுக்கொடுப்பது அந்தப் பங்குக்கு உரியவர் மட்டுமே செய்யக்கூடியது. அடுத்தவரின் உழைப்பை எடுத்துக்கொண்டு, எல்லாம் அவன் செயல் என்று அவருக்கே உபதேசம் செய்வது பக்தியில் சேராது. இறைவன் தந்தான் என்று உருகிய சம்பந்தரே பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரைப் பதித்துத்தான் முடித்தார். விலகி நின்ற யாழ்ப்பாணரையும் மரபு மறைத்துவிடவில்லை. சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவரும் நிற்கிறார்.

அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காடழித்துத் தேயிலை நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் லயத்து வீடுகளுக்குத் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் புதிதாகவும் கட்டினார்கள். மலேசியத் தோட்டப் பாடல்களில் கப்பல் வருகிறது, கங்காணி வருகிறார். ஒப்பாரியில் செத்தவர் பெயர் உண்டு, அவர் விட்டுப்போன பிள்ளைகளின் பெயரும் உண்டு. கட்டிப் பாடியவளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பிறகு அவை அச்சேறும்போது அட்டையில் இருப்பது திரட்டியவரின் பெயர்.

நாட்டுப்பாடல் ஊர்ச்சொத்து, பாடுகிறவர் எல்லாம் மாற்றுகிறார்கள், அதில் யார் பெயரைப் போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாக்கின் வழியில் வந்த ஃபிஷரிடமும் இதையே கேட்டிருக்கலாம். வழிவந்த இசைதான் என்றாலும், இவர் சேர்த்தது எது என்று நீதிமன்றம் காது கொடுத்துப் பிரித்துப் பார்த்தது. தோட்டத்துப் பாட்டிலும் சீமைக்கப்பலைத் தாலாட்டுக்குள் முதலில் ஏற்றியவள் ஒருத்தி இருந்தாள். அவளும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. பகல் முழுதும் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து தொட்டில் ஆட்டியவள்.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் வேலை செய்கிறார்கள். பழைய தோட்டக் குடும்பங்கள் பல, பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ ஒரு பாட்டியிடம் கைப்பேசியில் பாட்டைப் பதிவுசெய்யும் பேரப்பிள்ளை இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, இது யார் கட்டினது ஆயா, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதில் அரைகுறையாக இருந்தாலும் பாட்டோடு சேர்த்தே அதையும் எழுதிவைக்க வேண்டும்.