விட்ட மீன் யார் கணக்கில்?

பெரிய மீனைப் பிடித்து, மடியில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி கடலிலேயே விட்டுவிடுகிறவர்களை இங்கே நியூசிலாந்தில் நிறையப் பார்க்கிறேன். விட்டபின் அவர்கள் முகத்தில், கோயிலுக்குப் போய்வந்தவர் முகத்தில் இருக்கும் ஒரு தெளிவு வந்துவிடும். அந்தத் தெளிவுக்கு அவர்கள் உரியவர்கள்தானா?

நான் நாகப்பட்டினத்துக்காரன். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். எங்கள் கரையில் அதிபத்த நாயனார் கதை தெரியாத பிள்ளை கிடையாது. நுளைப்பாடியில் பரதவர் தலைவராக இருந்தவர் அவர். வலையில் விழுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். மீன்பாடு குறைந்து, நாளுக்கு ஒரே மீன் விழுந்த காலத்திலும் அந்த ஒன்றையே விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் சிக்கியது. அதையும் விட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைப் பாடினார். இன்றும் ஆவணி ஆயில்யத்தை ஒட்டித் தங்கமீனைப் படகில் கொண்டுபோய்க் கடலில் விடும் விழா நாகையில் நடக்கிறது.

எனக்கு இப்போது ஆக்லாந்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலை. விடுமுறை கிடைத்தால் கயாக்கை வண்டிமேல் கட்டிக்கொண்டு கொரமாண்டல் தீபகற்பத்துக்குப் போய்விடுவேன். 1820இல் பாய்மரத்துக்கு மரம் வாங்க வந்த எச்.எம்.எஸ். கொரமாண்டல் என்ற பிரிட்டிஷ் கப்பலின் பெயர் இந்த ஊருக்கு நிலைத்துவிட்டது. கப்பலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது எங்கள் சோழமண்டலக் கரை.

கயாக்கில் பெரிய மீன் மாட்டினால் பாதி வேலை மீனுடைய கையில். உட்காரும் இடம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. காலை ஊன்றி இழுக்க வழியில்லை. கஹவாய் மீனை உயிரோடு கோத்து, மெதுவாகத் துடுப்புப் போட்டு இழுத்துக்கொண்டு போகவேண்டும். கிங்ஃபிஷ் கவ்வியதும் ரீல் அலறும். பெயரைக் கேட்டு நம் வஞ்சிரம் என்று நினைக்க வேண்டாம். இது பாரைக் குடும்பம். கவ்வியது நேரே அடியில் இருக்கும் பாறைக்குப் பாயும். தங்கூசி பாறையில் உரசினால் கதை முடிந்தது. கம்பைப் பக்கவாட்டில் பிடித்தால் கயாக் கவிழும், முன்னால் நீட்டவேண்டும். நீட்டியதும் கயாக்கின் மூக்கு மீன் போகிற பக்கம் திரும்பும். அதற்குப்பின் அது இழுக்கும், நாம் போவோம். நம்மையும் கயாக்கையும் சேர்த்து இழுத்துத்தான் அது ஓய்கிறது. ஓய்ந்து மேலே வரும்போது பச்சை முதுகு, பக்கத்தில் ஒரு பொன்கோடு, மஞ்சள் வால். செவுள் விரிந்து விரிந்து மூடும்.

போன தை மாதம் அப்படி ஒன்று வந்தது. இங்கே சட்டப்படி மூக்கிலிருந்து வால் கவை வரை 75 செ.மீ. இருக்கவேண்டும். அளந்து பார்க்கவே தேவைப்படாத மீன். பக்கத்துக் கயாக்கில் வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி, “விடுங்கோ அண்ணை, புண்ணியம்” என்றான். நான் தலையில் ஒரே குத்தாகக் குத்தி, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸ் பையில் வைத்தேன். கரையேறும்வரை அவன் பேசவில்லை. கரையில் கேட்டான்: “உங்கட ஊர் அதிபத்தரும் விட்டவர்தானே?”

விட்டவர்தான். ஆனால் கொல்வது பாவம் என்று விட்டவர் இல்லை. அப்படி நினைத்திருந்தால் வலையையே தூக்கி எறிந்திருப்பார். ஒன்றை விட்டார், மற்றவற்றைக் கரைக்குக் கொண்டுவந்தார். உயிர்க்கொலை கூடாது என்பவர்க்குத் தனி வழி இருக்கிறது. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்கள். அந்த வழியில் போகிறவர் தூண்டிலைத் தொடுவதே இல்லை. அவர்களோடு எனக்கு வழக்கில்லை, என்னைவிட மேலானவர்கள். ஆனால் இறைச்சி படைத்த கண்ணப்பரையும், வலை வீசிய அதிபத்தரையும் தொழிலை விடச் சொல்லாமலே அறுபத்துமூவரில் சேர்த்துக்கொண்டது சைவம். அதிபத்தர் விட்டது தன் வீட்டு அடுப்பில் ஏறவேண்டியதை. அதனால்தான் அது படையல்.

மாவோரிகளிடமும் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பிடிபடும் மீனைக் கடல் தெய்வமான தங்கரோவாவுக்கென்று திருப்பி விடுவார்கள். இரண்டாவது மீன் வருமா, வராதா என்று தெரியாத நேரத்தில் கொடுப்பது அது. அதிபத்தருக்குப் புரிந்திருக்கும்.

என் வீட்டு ஃப்ரிட்ஜ் நிறைந்திருக்கிறது. சம்பளம் தவறாமல் வருகிறது. நான் ஒரு மீனை விட்டால் எனக்கு என்ன குறையும்? விலை கொடுப்பது மீன்தான். 2003இல் லின் ஸ்னெடனும் சகாக்களும் ட்ரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். நரம்பு இருந்தால் மட்டும் வலி என்று ஆகிவிடாது என்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். சந்தேகம் இருக்கும்போது அதன் பலனை மீனுக்குக் கொடுப்பதுதானே முறை? விடுவதற்கென்றே மீன்பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளிலேயே தடுத்துவிட்டது. அளவு குறைந்த மீனை விடுவது வேறு; அது சட்டம், செய்தே ஆகவேண்டும். அதில் புண்ணியக் கணக்கு எதுவும் இல்லை.

அன்று இரவு அம்மாவிடம் போனில் மீனைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பெரிது என்று அவள் கேட்கவில்லை. “யார் யாருக்குப்பா குடுத்த?” என்றாள். தலையைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, துண்டங்களைக் கீழ்வீட்டு சமோவா குடும்பத்துக்கும், வேலையிடத்து நண்பர்களுக்கும், அந்தத் தம்பிக்கும் கொடுத்ததைச் சொன்னேன். அவன் வாங்கிக்கொண்டான்.

பிடிக்காமலே இருப்பது அறம். பிடித்தால் வலியை நீட்டாமல் கொன்று, பகிர்ந்து தின்பது நேர்மை. பசியோடு இருப்பவன் விட்டுக்கொடுப்பது பக்தி. வேடிக்கைக்குப் பிடித்துப் படமெடுத்து விடுவது இந்த மூன்றில் எதிலும் சேராது. அதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுக்கு வேண்டிய மீன் கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறுங்கள்.