மோமோவுக்குக் காசு கொடுத்தாச்சு!

கொல்கத்தா போனால் ஒருநாள் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு டிரெட்டா பஜாருக்குப் போங்கள். ஆவி பறக்கும் மோமோ, மீன் உருண்டை சூப், பன்றிக்கறி வைத்த பன். நட்சத்திர ஹோட்டலில் ஒரு காபி குடிக்கிற காசில் வயிறு ரொம்பிவிடும். லேட்டாகப் போனால் காலிப் பாத்திரம்தான்!

சீனர்கள் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே டாங் அச்சியூ என்பவர் ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை போட்டார். அந்த ஊருக்கு இன்றைக்கும் அச்சிப்பூர் என்றுதான் பெயர். பின்னால் வந்தவர்கள் தச்சு வேலை பார்த்தார்கள், பல் கட்டினார்கள். நம்மில் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய தோல் பதனிடும் தொழிலை ஹக்கா சீனர்கள் டாங்ராவில் செய்தார்கள்.

1962-ல் போர் வந்தது. அஸ்ஸாம், மேற்கு வங்கம் பக்கமிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். கிழவர், குழந்தை என்று பார்க்கவில்லை. விசாரணையும் கிடையாது. சிலர் வெளியே வர வருஷக்கணக்காயிற்று. திரும்பி வந்தால் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சாப்பிட்டோம், காசு கொடுத்தோம், கணக்கு முடிஞ்சது. தட்டுல எதுக்குப்பா சரித்திரம்?" என்றார்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் அவர் சொல்வது பாதி சரிதான். மோமோ கணக்கு முடிந்தது. விற்கிறவருக்கும் வியாபாரம்தான் வேண்டும். நம்முடைய உச்சுக்கொட்டலை வைத்து அவர் என்ன செய்வார்? ஆனால், தேவ்லி கணக்கு வேறு பேரேடு. அதில் நம் பக்கத்தில் மன்னிப்பு என்று ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. நான்கு தட்டு காலி செய்துவிட்டு, "பார்த்தீர்களா, எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் நாடு!" என்று புளகாங்கிதப்படுகிறோமே, அது அந்தப் பேரேட்டில் பொய்க் கணக்கு எழுதுகிற வேலை. ஒருவர் சமைத்ததை ரசிப்பது சுலபம். அவரை நம் ஆள் என்று நம்ப வேண்டிய நாளில் நம்பினோமா?

ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் இருந்ததாகச் சொல்லப்படும் கொல்கத்தாவில் இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் பேர்தான். டிரெட்டாவில் மோமோ விற்பவர்களிலேயே பலர் சீனர்கள் இல்லை. 'முன்ன மாதிரி ருசி இல்லையே' என்று வருகிறவர்கள் குறைப்படுகிறார்கள். முன்பு சமைத்தவர்களின் பிள்ளைகள் டொராண்டோவில் இருக்கிறார்கள்.