வளையமிடும் கையும் அகிம்சையும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடுத்துள்ள ஃபார்ன் தீவுகளில் கோடைதோறும் ஆர்க்டிக் ஆலா என்னும் கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. ஆய்வாளர்கள் படகேறிச் சென்று, இன்னும் பறக்கவியலாத குஞ்சுகளைக் கையிலெடுத்து, எண் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலிலிட்டு விடுகின்றனர். தாய்தந்தைப் பறவைகளோ கதறியவாறு பாய்ந்து அவர்தம் தலையைக் கொத்துகின்றன. நன்னோக்கம் கருதியே ஆயினும், ஓர் உயிரை அஞ்சச் செய்தல் அறமாகுமா?

இதன் பயன் சிறிதன்று. 1982ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு வளையமிடப்பட்ட ஒரு குஞ்சு, அவ்வாண்டு அக்டோபரிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடைந்தது. 22,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணத்தை உலகறியச் செய்தது அச்சிறு வளையமே. பறவைகளைக் காக்க விழைவோர் அவை செல்லும் வழியை அறிய வேண்டுமன்றோ? ஆயினும் அவ்வறிவின் பயன் இனம் முழுமைக்கும் உரியது. அச்சமோ கையிலகப்பட்ட அந்த ஒரு குஞ்சிற்கே உரியது.

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்னும் ஐந்தினை அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். இவற்றையே இங்கு உரைகல்லாகக் கொள்ளலாம். வளையம் தளர்ந்து சுழல வேண்டும். இறுகின் அது கட்டு, காலைப் புண்படுத்தின் உறுப்பறுத்தல். ஏறத்தாழ 100 கிராம் எடையே உள்ள பறவைக்கு அது சுமையாகலாகாது. மனிதர் அருகில் நிற்குமளவும் குஞ்சிற்கு இரை கிடைப்பதில்லை. எனவே வேண்டாது நெடுநேரம் நிற்பதும் உணவு தடுத்தலே. இவற்றையெல்லாம் கருதியே பிரிட்டனில் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் மட்டுமே வளையமிடலாம் என விதித்துள்ளனர்.

சோர்வுடைய மனமொழிமெய்களால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது நம் அறநூற் கொள்கை. ஆகவே, படகேறும்போது இருந்த நன்னோக்கம் மட்டும் போதாது. முதற் குஞ்சை ஏந்திய கவனம் நூறாவது குஞ்சை ஏந்தும்போதும் குறையாதிருத்தல் வேண்டும். குறையுமாயின், அறிவு வளர்ந்தாலும் விரதம் பழுதுறும். தொட்டு மகிழ்வதற்கென்றே குஞ்சை எடுப்பதற்கோ எவ்வகை நியாயமும் இல்லை.

நம் இல்லத்துச் சிறுவர் நீர்நிலைகளில் பறவை காணச் செல்லுங்கால் இவ்வேறுபாட்டை அவர்க்கு உணர்த்துவோமாக. காண்பதற்குக் கண் போதும். கை நீட்ட நேருமிடத்து, அவ்வுயிருக்கு இது தேவைதானா என்னும் வினா கைக்கு முன்னே செல்லட்டும்.