உள்ளே எத்தனை பேர்?

அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



2024 டிசம்பர் 1-ஆம் தேதி மாலையை நம் திருவண்ணாமலை மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். விடாத மழை. மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடிவிட்டன. ஏழு பேர் இறந்து போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

இப்படி ஓர் இடத்துக்கு மீட்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே எத்தனை பேர்?" என்பதைத்தான். வீட்டுக்காரர் மண்ணுக்குள் இருக்கிறார். சொந்தபந்தம் வெளியூரில் இருக்கிறது. அந்த நேரத்தில் யார் பதில் சொல்வது? பக்கத்து வீட்டுக்காரர்தான்.

உங்கள் பக்கத்து வீட்டைப் பற்றி உங்களிடம் கேட்டால் சொல்வீர்களா? மிம்பரில் நின்று பொய் சொல்லக் கூடாது, எனக்கே தெரியவில்லை. எதிர் வீட்டுக்குக் குடிவந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. பைக் நம்பர் தெரியும், மனிதர் பெயர் தெரியாது.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிற ஊர் இது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் யார் வழி கேட்டாலும் சளைக்காமல் சொல்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். ஆனால் வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டிப் போனவர்கள் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டு, கேமராவில்தான் பக்கத்து வீட்டாரைப் பார்க்கிறார்கள்.

அந்நிஸா அத்தியாயத்தின் 36-வது வசனத்தில், தன்னை மட்டுமே வணங்கும்படி கட்டளையிடும் அல்லாஹ், உறவுள்ள அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு நன்மை செய்யச் சொல்கிறான். அந்நியர் என்றால் சொந்தமில்லாதவர், மார்க்கத்தால் வேறானவர் என்றெல்லாம் தஃப்ஸீர்களில் விளக்கம் உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் வருகிறது.

இதைக் கேட்டதும் பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்புகிறோமே ஹஜ்ரத் என்பீர்கள். நல்லதுதான். ஆனால் கறி சாப்பிடாத வீடு எது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அங்கே பழம் கொடுங்கள்.

யாரிடமிருந்து தொடங்குவது? எனக்கு இரண்டு அண்டை வீட்டார் இருந்தால் யாருக்கு அன்பளிப்பு கொடுப்பது என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, எவருடைய வாசல் உனக்கு நெருக்கமோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீயில் இருக்கிறது. மனசுக்குப் பிடித்தவர், நம் ஜமாஅத்தார், வசதியானவர் என்ற பேச்சே அதில் இல்லை. வாசல்தான் கணக்கு.

ஹவ்ளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தெருவாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறது. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், இவற்றைக் கேட்டு எழுதுங்கள். எந்த மதம் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. விசாரிக்கப் போகும்போது, இரவில் அவசரம் என்றால் கதவைத் தட்டுங்கள் என்று உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். எதிர் வீட்டுக்கு இன்று அஸருக்குப் பிறகு நானும் போகிறேன்.