முன்னச்சில் உறுமும் யானை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். சுற்றிலும் சிவந்த மணற்பாறைகள். அவற்றின் முதுகின்மேல் ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ என்று பயமுறுத்தும் பெயரோடு ஒரு வண்டித்தடம் ஓடுகிறது. இருவர் அருகருகே அமரும் ‘சைடு-பை-சைடு’ வண்டிகள், இரும்புக் குழாய்க் கூண்டும் நீண்ட சஸ்பென்ஷனுமாக, அந்தச் சரிவுகளில் பல்லி போல ஏறுகின்றன. பண்ணை வேலைகளில் உழைத்த இந்த இனம், 2007இல் போலாரிஸ் ஆர்.இசட்.ஆர். வந்தபிறகு முழுநேர விளையாட்டு வண்டியாகவும் ஆகிவிட்டது.

அப்படி ஒரு வண்டி ஏற்றத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கர இயக்கத்துக்கான பொத்தானை அழுத்தி மிதித்ததும் காலடியில் ‘கடக்’ என்கிறது. சமதரையில் வேகம் எடுத்தால் அடித்தொண்டையில் ஓர் உறுமல். ஓட்டுபவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: “முன் டிஃபரன்ஷியல் போச்சு.”

அவர் அதைக் கண்டாரா? இல்லை. மூடிய உலோகப் பெட்டிக்குள், எண்ணெயில் நனைந்தபடி கிரவுன் வீல், பினியன் என்னும் பற்சக்கரங்கள் சுழல்வதை ஓட்டத்தில் பார்க்க யாருக்கும் வழியில்லை. அவருக்குக் கிடைத்தது ஒலி. அவர் சொன்னது காரணம். கேட்டதிலிருந்து காணாததற்குத் தாவும் அந்தத் தாவலை அறிவு என்று சொல்லலாமா, வெறும் ஊகம் என்று தள்ளலாமா என்பது இந்தியத் தத்துவம் பல நூற்றாண்டுகள் சண்டையிட்ட கேள்வி.

தமிழில் அந்தச் சண்டையைக் கேட்க ‘மணிமேகலை’ காப்பியத்துக்குப் போகவேண்டும். வஞ்சி நகரில் ஆண் துறவி வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சந்திக்கிறாள். அளவைவாதி அவளுக்கு அனுமானத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறான்: பொது, எச்சம், முதல். ஆற்றில் வெள்ளம் கண்டு அதன் தலைப்பகுதியில் மழை பெய்ததை அறிவது எச்சம். கருமேகம் கண்டு மழை வரும் என்பது முதல். பொது என்பதற்கு அவன் தரும் உதாரணம்தான் இங்கே வேண்டியது: காட்டுக்குள் யானையின் ஒலியைக் கேட்டவன், அங்கே யானை உண்டு என்று உணர்வது.

அதே காதையில் பூதவாதியும் வருகிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் அவன் ஒப்புவதில்லை. மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? விவாதம் அங்கே முடிகிறது. ஆனால் மோவாபின் பட்டறைக்குப் பூதவாதியை அழைத்துவந்தால் அவன் இன்னும் கொஞ்சநேரம் தாக்குப்பிடிப்பான். ஏனெனில் அங்கே அனுமானங்கள் தினமும் பொய்த்துப் போகின்றன.

முதல் குற்றவாளி காது. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை கணிக்க உதவும் முக்கியக் குறிப்பு, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசம். அது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. காற்று வழியே நேராக வரும் ஒலிக்கு இந்தக் கணக்கு சரி. வண்டியிலோ ஒலி இரும்புக் குழாய் வழியே ஓடுகிறது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல் போகும். நடு ஷாஃப்டின் பேரிங் போடும் கூச்சல் சட்டம் வழியே வந்து, காலடித் தகட்டை முரசாக்கி, அங்கிருந்து காதை எட்டும். “சத்தம் முன்னாலிருந்துதான் வருது” என்று அவர் சொல்வது நேரடிப் புலனறிவாகிய காட்சி அல்ல. தன்னைக் காட்சி என்று நம்பிக்கொண்டிருக்கும் அனுமானம். ஓட்டுபவரை ஏமாற்றுவது அவர் யோசித்துச் செய்த ஊகமல்ல. யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்த இந்த ஊகம்தான்.

இரண்டாவது குற்றவாளி ஒலியேதான். ஓர் உறுமலுக்கு உரிமை கோரச் சக்கர பேரிங், பினியன் பேரிங், நடு ஷாஃப்டைத் தாங்கும் பேரிங், முரட்டுப் பட்டன்கள் கொண்ட டயர் என்று பலர் வரிசையில் நிற்கிறார்கள். ‘கடக்’ என்பதற்கு யு-ஜாயிண்ட், தேய்ந்த சி.வி. ஜாயிண்ட், முன்சக்கர இணைப்பை ஏற்கும் கிளட்ச், பல் உடைந்த பினியன் எல்லாமே காரணமாகலாம். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித்தரும் தருக்கத்தில் இதற்குப் பெயரே உண்டு: ஏதுப்போலி. காரணம்போல் தோன்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதை அநைகாந்திகம் என்கிறார். ‘கடக்’ ஓர் அநைகாந்திகம். அதை மட்டும் வைத்து எதையும் கழற்றக்கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? ஏதுவைக் கூர்தீட்டவேண்டும். இடப்பக்கம் திருப்பும்போது உறுமல் கூடினால் எடை வலப்பக்கச் சக்கரத்தில் ஏறுகிறது. அந்தப் பக்கத்து பேரிங் மீது சந்தேகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நகரும்போது ‘டக் டக்’ என்றால் சி.வி. ஜாயிண்ட். மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் பற்சக்கரங்களின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். இரண்டிலும் மாறாமல் கரகரத்தால் பேரிங். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும் கணத்தில் மட்டும் அடித்தால் யு-ஜாயிண்ட்.

பொத்தான் ஒன்றும் கையிலிருக்கிறது. நான்கு சக்கரத்தில் ஒலி, இரண்டு சக்கரத்தில் அமைதி என்றால் முன் டிஃபரன்ஷியல்தான் என்று தோன்றும். உண்டான இடத்தில் உண்டு, இல்லாத இடத்தில் இல்லை என்னும் அந்நுவய வெதிரேகச் சோதனை முடிந்தது என்று மனம் ஓய்வெடுக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். பல வண்டிகளில் இரண்டு சக்கர நிலையிலும் முன்னே போகும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும். பினியனும் கிரவுனும் சும்மா சுற்றும். பொத்தான் விலக்குவது கிளட்சையும் பளுவையும் மட்டும். ஆகவே பழுதான பினியன் பேரிங் இரண்டு நிலையிலும் உறுமும், அப்போது டிஃபரன்ஷியல் குற்றமற்றது என்று தவறாக விடுதலையாகும். எதை விலக்கினோம் என்று தெரியாதவனுக்கு வெதிரேகம் உதவாது. அனுபவமுள்ள மெக்கானிக் முன் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்.

மறுதலையும் உண்டு. புகை இருந்தால் நெருப்பு உண்டு. புகை இல்லையென்றால் நெருப்பு இல்லை என்று ஆகாது. நியாய நூல்கள் இதற்குக் காட்டுவது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு: புகையில்லாத நெருப்பு. டிஃபரன்ஷியல் பெட்டியிலும் அப்படித்தான். சூடான பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவோ மூச்சுக்குழாய் வழியாகவோ தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுக்கும். பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். சத்தம் இன்னும் பிறந்திருக்காது. கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அடக்குவோரும் உண்டு. அது நெருப்பை விட்டுவிட்டுப் புகையை மட்டும் விசிறுவது.

காதால் நோய் கண்டவர்களின் வரலாற்றில் ரெனே லேனெக் முதன்மையானவர். 1816இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. அதன் பேரன், தட்டுக்குப் பதில் நீண்ட இரும்புக் கம்பி பொருத்திய கருவி, இன்று மெக்கானிக் கையில் இருக்கிறது. லேனெக்கின் பெருமை கேட்டதில் மட்டும் இல்லை. கேட்ட ஒலியைக் குறித்துவைத்து, நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து, எந்த ஒலிக்கு எந்தப் பழுது என்று ஒப்பிட்டார். 1819இல் வந்த அவருடைய நூல் அந்த ஒப்பீடுகளின் மேல் நிற்கிறது. யானையைப் பிறகு கண்டவனே அடுத்தமுறை ஒலியை நம்பலாம். 1826இல் லேனெக் காசநோயால் இறந்தார். எந்த நோயின் ஒலிகளைப் பிறருக்கு வகுத்துத் தந்தாரோ, அதே நோய்.

சரி, பெட்டியைத் திறந்துவிட்டால் பூதவாதி வென்றுவிடுவானா? வடிகால் திருகின் காந்த நுனியில் சாம்பல்நிறக் குழைவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். செதில்கள் இருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. பல்லொன்று விளிம்பில் பெயர்ந்திருப்பதைக் கண்ணே காண்கிறது. ஆனால் அந்தப் பல்தான் அந்தச் சத்தத்தைப் போட்டது என்பதை எந்தக் கண்ணும் காணவில்லை. பல் பெயர்ந்தது போன வருடமாக இருக்கலாம். உறுமல் இப்போதும் சக்கர பேரிங்கில் இருக்கலாம். திறந்து பார்த்தபிறகும் ஓர் அனுமானம் பாக்கி இருக்கிறது. பூதவாதிக்கு இந்தப் பட்டறையில் கிடைப்பது பாதி வெற்றி: காணாமல் முடிவுசெய்யாதே என்றது சரி, கண்டால் போதும் என்றது தவறு.

அதனால்தான் நல்ல பட்டறைகளில் வேலை, பெட்டியை மூடியதோடு முடிவதில்லை. முன்பு சத்தம் கேட்ட அதே ஏற்றத்துக்கு, அதே பளுவோடு, அதே பொத்தானை அழுத்தி வண்டியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். பில் போடுவது அதற்குப் பிறகுதான்.