செயலும் பயனும்: ஒரு சொல்லாட்டத்தின்கண் வைத்து ஆராய்தல்

ஒருவன் செய்த செயல் தக்கதா தகாததா என்பதை அச்செயலின் பயனைக்கொண்டு துணிய வேண்டுமா, அன்றிச் செய்த காலத்து அவன்பால் அமைந்திருந்த அறிவைக்கொண்டு துணிய வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. உலகவாழ்க்கையின் பெருநிகழ்ச்சிகளில் வைத்து இதனை ஆராயப் புகுவார்க்கு ஓர் இடர் உண்டு. அவற்றிற் காரணங்கள் பலவாய்ப் பின்னிக் கிடத்தலின், செய்தவன் பிழை இவ்வளவு, தானே வந்து கூடியது இவ்வளவு என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. ஆகலின் அளவிட்டு அறியத்தக்க சிறியதோர் எடுத்துக்காட்டை நாம் ஈண்டு மேற்கொள்கின்றோம். அது ஸ்கிராபிள் என்னும் ஆங்கிலச் சொல்லாட்டம். விளையாட்டும் ஆராயத்தக்கதொரு பொருளோ என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்வார்களாக.

இவ்வாட்டத்தை வகுத்தவர் ஆல்பிரட் பட்ஸ் என்பார். அமெரிக்க நாட்டிற் பொருளாதாரம் சரிந்த 1930-ஆம் ஆண்டுகளில் வேலையிழந்திருந்த கட்டடக் கலைஞர் அவர். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பார் அதற்கு இப்பெயரிட்டு வெளியிட்டார். பலகையிற் கட்டங்கள் 225. பையிற் சில்லுகள் 100. அவற்றுள் இரண்டு எழுத்தில்லா வெறுஞ்சில்லுகள். அவை வேண்டிய எவ்வெழுத்தாகவும் நிற்கும். செய்தித்தாளில் எழுத்துக்கள் பயின்றுவரும் அளவை எண்ணிப் பார்த்தே பட்ஸ் அவற்றின் தொகையையும் மதிப்பையும் அமைத்தார். அடிக்கடி வரும் 'ஈ' என்னும் எழுத்துக்குச் சில்லு 12, மதிப்பு 1. அருகி வரும் 'கியூ'வுக்குச் சில்லு ஒன்றே, மதிப்பு 10. ஆடுவோர் பையினுட் பாராது கைவிட்டு எடுத்த ஏழு சில்லுகளைப் பிறர் காணாவண்ணம் தம்முன் வைத்துக்கொள்வர். ஏழனையும் ஒருங்கே இட்டுச் சொல்லாக்குவார்க்கு 50 புள்ளி மிகுதியாக வரும்.

போட்டிகளில் ஆடுவோர் ஆட்டம் முடிந்தபின் தாம் செய்த ஒவ்வொரு முடிவையும் மீள ஆராய்தலை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அதற்குத் துணையாவன குவாக்கிள் முதலிய கணினி நிரல்கள். காணப்படாத சில்லுகளை நிரலானது மனம்போனபடி பகிர்ந்து, ஆட்டத்தை இரண்டு மூன்று முறைவரை நடத்திப் பார்க்கும். இவ்வாறு பல நூறு முறை செய்து, வந்த புள்ளிகளின் சராசரியால் ஒவ்வொரு சொல்லிற்கும் மதிப்பு இடும். 2006-இல் டொராண்டோ நகரில் உலக வாகையராய் விளங்கிய டேவிட் பாய்ஸ் என்பாரை இந்நிரல் வென்றது என்பதால் அதன் கணக்கு எளிதில் தள்ளத்தக்கதன்று.

இனி ஓர் ஆட்டநிலையைக் கற்பித்துக் காண்போம். ஒருவர் கையில் ஏ, ஈ, ஐ, ஆர், எஸ், டி என்னும் ஆறும், அவற்றோடு இணங்காத ஓர் எழுத்தும் உள்ளன. இவ்வாறும் மிக நல்ல கூட்டம். 'என்' வரின் ரிடெயின்ஸ். 'பி' வரின் பைரட்ஸ். 'எல்' வரின் ரியலிஸ்ட். கூட்டத்தைக் கலைத்தால் இப்பொழுதே 24 புள்ளி கிடைக்கும். கலையாது இணங்காத ஒன்றை மட்டும் இட்டால் 6 புள்ளியே. ஆயின் புதிதாக ஒரு சில்லு எடுக்கலாம். காணப்படாதவை 30, அவற்றுட் பொருந்துவன 18. எனவே நூற்றுக்கு அறுபது பங்கு நலம். அவர் ஒன்றை இட்டு ஒன்றை எடுக்கின்றார். வந்தது பொருந்தா எழுத்து. ஆட்டமும் தோற்கின்றது. "பேராசையாற் கெட்டேன்" என்று அவர் தம்மை நொந்துகொள்கின்றார். இந்நோதல் நியாயமாகுமா?

ஆகாது என்பதே எம் துணிபு. கைவிட்டு எடுத்த கணத்துக்கு முன்னரே அவர் முடிவு முற்றுப்பெற்றுவிட்டது. பின் வந்த எழுத்து அம்முடிவின் பகுதியன்று. அதே எழுத்தைக்கொண்டு அவரைக் குற்றஞ்சாட்டுவோமாயின், நல்லெழுத்து வந்திருப்பின் அதே முடிவைப் போற்றியிருப்போம். ஒரே செயல் நன்றும் ஆய்த் தீதும் ஆதல் யாங்ஙனம்?

அற்றேல், பயன் எவ்வாற்றானும் சான்றாகாதோ எனின், அற்றன்று. ஒரு முறை வந்த பயன் சிறிதே சொல்லும். ஒரே வகை நிலையில் நூறு முறை வந்த பயன் மிகுதியாகச் சொல்லும். நிரல் செய்வதும் இதுவே. வாழ்க்கையில் நூறு முறை கிட்டுதல் அரிது. அதனாற்றான் அங்கே ஒரு பயனைக் கண்டு உரத்துத் தீர்ப்புக் கூறுகின்றோம்.

ஆயினும் அவரை முற்றும் விடுதலை செய்தற்கும் யாம் ஒருப்படோம். அறுபது என்னும் கணக்கே ஆராயத்தக்கது. ஏழெழுத்துச் சொல் கையிலிருந்தாற் போதாது. பலகையில் அதற்கு இடமும் வேண்டும். ஒருவர் ஒரே சில்லை இட்டுச் சிறு புள்ளி பெறுவாராயின், அவர் கையில் நல்ல கூட்டம் உண்டென்பதை எதிரி எளிதில் கருதி உணர்வார். உணர்ந்து இடத்தை அடைக்க முயல்வார். இரண்டில் ஒருமுறை அடைப்பாராயின் அறுபது முப்பதாகிவிடும். இதனை எண்ணாது விட்டது அவர் பிழையே. வெளிவந்த எழுத்துக்களைக் குறித்து வையாமையால் பொருந்துவன எத்தனை என்று அறியாதிருந்தவரும் "யான் அறிந்திலேன்" என்று தப்ப முடியாது. பலகை அவர் கண்முன் கிடந்தது. எண்ணுதல் அவர் கையில் இருந்தது. ஆகவே அளவுகோல் அன்று அவர் அறிந்தது மட்டுமன்று. அன்று அவர் அறிந்திருக்கக்கூடியதும் ஆம். ஒருவர்க்கு வழக்கமாக 25 நிமிடமே உண்டாகலின், கூடியது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது.

இவ்வளவுகோல் நிரலின் தீர்ப்புக்கும் பொருந்தும். எதிரி சென்ற முறை ஒரே ஒரு சில்லை மட்டும் மாற்றிக்கொண்டார் என்க. அவர்பால் ஆறு நல்லெழுத்துக்கள் இருத்தல் கூடும். அதனை உணர்ந்து ஒருவர் குறைந்த புள்ளி பெற்றும் இடத்தை அடைத்தார். எதிரியின் சில்லுகளை மனம்போனபடி பகிரும் நிரல் அதனைப் பிழையெனக் காட்டலாம். ஆண்டுப் பிழைத்தது நிரலே. அவர்க்குத் தெரிந்த குறிப்பு அதற்குத் தெரியாது.

பை காலியானபின் நிலை வேறு. குறித்து வைத்தவர்க்கு எதிரியின் கையிலுள்ள எழுத்துக்கள் ஒன்றுவிடாமல் தெரியும். ஆண்டுக் கருதலளவை காண்டலளவையோடு ஒக்கும். அப்பொழுது ஒருவர் தோற்கத்தகாத ஆட்டத்தைத் தோற்பாராயின் சில்லின்மேற் பழிபோட வழியில்லை. இருந்தும் தம் தோல்வியைக் கூறும்போது, நடுவில் வெறுஞ்சில்லு வாராததை விரித்துக் கூறி, இறுதிப் பகுதியை ஒரு சொல்லிற் கடந்துவிடுவார் பலர்.

இங்கேதான் இவ்வாராய்ச்சியின் உண்மையான இடர் உள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவன், சான்று கூறுவோன், நடுவன் ஆகிய மூவரும் ஒருவனே. சான்று கூறுவோனாகிய நினைவு, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே வைத்திருப்பதில்லை. பயன் தெரிந்தபின் அதற்கேற்பத் தன் சொல்லைத் திருத்திக்கொள்கின்றது. ஒவ்வொரு முறையும் தம் கையிலிருந்த ஏழெழுத்தையும் அப்பொழுதே தாளிற் குறித்துக்கொள்வார் சிலர். அதற்குச் சில நொடிகள் செலவாயினும் அது தகும். அக்குறிப்பு இல்லாதார் வென்ற ஆட்டத்தை ஆராய்வதே இல்லை. ஆராயினும் அதில் தம் பிழை ஒன்றையும் காணார். தோல்வியில் மட்டும் பிழை தேடுபவர் தேடுவது பிழையை அன்று, ஆறுதலை.

எழுத்தைக் குறிக்கலாம்; கருத்தைக் குறிப்பது எங்ஙனம்? அகராதியில் இல்லாத ஒரு சொல்லை ஒருவர் இடுகின்றார். எதிரி ஐயுற்று வினவின் அது நீக்கப்படும். வினவாது விடின் நிலைபெறும். அறிந்தே இடுதலை ஆட்டத்தின் விதி விலக்கவில்லை. அது வஞ்சனையா என்பதில் ஒருசாரார் நம்மொடு மாறுபடுவர். இருவரும் ஒப்பிய விதிக்குட்பட்டு நிகழ்வதாகலின் யாம் அதனை வஞ்சனை என்னோம். நாம் கருதுவது வேறொன்று. அச்சொல் உண்டென்றே நம்பி அறியாமையால் இட்டவர், அது நிலைபெற்றபின், "துணிந்தே இட்டேன்" என்பர். அறிந்தே இட்டவர், அது நீக்கப்பட்டபின், "உண்டென்று எண்ணினேன்" என்பர். முன்னவர் திரிபுணர்ச்சியைத் திறமையாக்கினார். பின்னவர் துணிவைத் திரிபுணர்ச்சியாக்கினார். இருவரும் பிறரிடம் இவ்வாறு கூறுதல் சிறு பொய்; தம் ஆராய்ச்சியினும் இவ்வாறே எழுதிக்கொள்வாராயின், கற்றற்குரிய இடமே அழிந்துவிடும். கற்க வேண்டியது முன்னவர்க்கு அகராதி, பின்னவர்க்கு எதிரியின் இயல்பு; இரண்டும் வேறு.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஐயமுடைய சொல்லையோ இல்லாததென அறிந்த சொல்லையோ இடக் கருதுபவர், தம் தாளில் எதிரி காணாதபடி வெவ்வேறு சிறு குறி இட்டுக்கொள்ளலாம். அக்குறி சில்லைப் பலகையில் வைக்குமுன் இடப்படுதல் வேண்டும். எதிரி வினவாது தம் முறையை ஆடத் தொடங்கியபின் இடப்படும் குறி எதற்கும் சான்றாகாது.